கரை இருக்கும் பக்கம்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எனக்கு ஒருவரையும் பிடிக்காது. மேற்கே காய்ந்து கிடக்கும் வயல்வெளியின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு அது மருதமுனைக்குள் புகுந்தால் கதவு அடிக்கும், உதடு வெடிக்கும், வாயைத் திறந்தால் சண்டைதான் வரும். அப்படியொரு சனிக்கிழமைப் பகலில்தான் என் கணவர் ஷிப்லி, உலகத்தின் மற்றத் தொங்கலில், எரிமலை கக்கிக் கிடக்கும் ஒரு தீவில், கடலில் இறங்குவதற்கு நின்றார். நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கும் குசினிக்கும் நடையாய் நடந்தேன்.

அது என்ன போட்டி என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். மருதமுனையில் கடலில் இறங்கி, பாண்டிருப்பைத் தாண்டி, கல்முனையில் போய்க் கரையேற வேண்டும். ஈர உடம்போடு சைக்கிளில் ஏறிப் பொத்துவிலுக்குப் போய், திரும்பி வந்து, நிற்காமல் மட்டக்களப்பு வரை மிதிக்க வேண்டும். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடியே வர வேண்டும். எல்லாம் ஒரே நாளில். கேட்பவர்கள் "எதுக்கு?" என்பார்கள். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. கேட்டால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் கையில் இருக்கும் அகப்பையால் ஒன்று போடலாம் போல வரும்.

ஷிப்லி கத்தாரில் ஒரு சைக்கிள் கடையில் திருத்த வேலை செய்கிறார். வெறும் சைக்கிள் இல்லை, கார் விலைக்கு விற்கிற சைக்கிள். அதை வாங்குகிற ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து இந்தப் போட்டிகளுக்குப் போவார்கள். இவர் அவர்களுக்குச் சங்கிலி மாட்டப் போய், பிறகு அவர்களோடு ஓடப் போய், கடைசியில் அவர்களை முந்தப் பழகிவிட்டார். இந்த முறை அவர்களே இவருக்கும் ஓர் இடம் எடுத்துக் கொடுத்தார்கள். கடை முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: முழுசாக ஓடி முடித்தால் திருத்த வேலையை விட்டுவிடலாம், ஆட்களைப் பழக்குகிற வேலை தருவேன், இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம்.

என்னிடம் இவர் கொடுத்த வார்த்தை வேறு. போன லீவில் வந்தபோது மகள் அப்னாவின் தலையில் கைவைத்துச் சொன்னார்.

"முடிக்காட்டி எல்லாத்தையும் உட்டுட்டு வந்திருவன் புள்ள. கல்முனையில ஒரு சின்னக் கடையப் போட்டுட்டு உங்களோட இரிப்பன். மறுகா வெளிநாட்டுப் பேச்சே இல்ல."

முடித்தால் இரண்டு வருஷம். முடிக்காவிட்டால் வீடு. இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் என்னவென்று துஆக் கேட்பது? புருஷன் தோற்க வேண்டும் என்று படைத்தவனிடம் கேட்கிற பெண் எங்காவது உண்டா? கேட்க வாய் வரவில்லை. ஆனால் மனசு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்னாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. வாப்பா என்றால் போனைத் தூக்கிக் காட்டுகிற பிள்ளை அது.

அன்று காலை பத்து மணி தாண்டிய நேரம். அங்கே விடியற்காலை, சுபுஹு தொழும் நேரம். அவர் கூப்பிட்டார்.

"தொழுதிட்டன் மர்ஷூதா. இஞ்ச ஒரு புதினம் தெரியுமா? மக்கா நமக்கு நடுவுலதானே, கிப்லா கிழக்குப் பக்கம். நீ மேற்குப் பாத்துத் தொழுகிறாய், நான் கிழக்குப் பாத்துத் தொழுகிறன். ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

"நான் அல்லாஹ்வத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். நீங்க யாரப் பாக்கியளோ எனக்குத் தெரியா."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குரல் தணிந்தது.

"கடலுக்குள்ள இறங்கப் போறன். பொருந்திக்க புள்ள."

எங்களுக்குள் அது ஒரு வழக்கம். தூரப் பயணம் போகிறவர், ஹஜ்ஜுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவர் எல்லாம் தன் ஆட்களிடம் கேட்பது. நான் செய்த பிழை குற்றத்தையெல்லாம் மன்னித்து மனசாரப் பொருந்திக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த ஒரு சொல். "பொருந்திட்டன்" என்று பதில் வந்தால்தான் போகிறவருக்குக் கால் எழும்பும். அதிலும் புருஷன் பெண்சாதியிடம் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லவில்லை.

"முடிச்சா ரெண்டு வருஷம் அங்க கிடப்பியள். அதுக்கும் சேத்தா நான் பொருந்துற? ஏலா. நீங்க வந்து என்ட முகத்தப் பாத்துக் கேளுங்க, அப்ப பாப்பம்."

போனில் காற்றுச் சத்தம் கேட்டது. அங்கேயும் காற்று. "பாலைவனத்துப் புழுதியெல்லாம் கடலைத் தாண்டி வந்திரிக்கி, மலையே தெரியல்ல, நம்மட கச்சான் போலதான்" என்றார். பிறகு சலாம் சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடுப்புக் கழுவினேன். கழுவிய உடுப்பை மறுபடியும் கழுவினேன். சோற்றை வடிக்க மறந்து குழைய விட்டேன். நான் செய்தது சரி என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அப்னா எட்டிப் பார்த்து, "ஆரோட கதைக்கீங்க உம்மா?" என்றாள். போய் விளையாடு என்று விரட்டினேன்.

பகல் பன்னிரண்டை நெருங்கும்போது மாமி வந்து இறங்கினார். ஷிப்லியின் உம்மா, றஹீமா. சாய்ந்தமருதிலிருந்து ஆட்டோ பிடித்து, மடியில் வட்டிலாப்ப இனிப்புச் சட்டியை வைத்துக்கொண்டு வந்திருந்தார். மகன் வெல்வது அவருக்கு முடிந்த கதை. ஆயிரம் பேரில் மகன் எத்தனையாவது என்பதுகூடப் பொருட்டில்லை.

"என்னகா, தொடங்கிட்டா?"

"இப்பதான் மாமி. பாருங்க, இதுதான் உங்கட மகன்."

போனில் ஒரு வரைபடம் இருந்தது. போட்டிக்காரர்கள் நீந்துகிற ஒவ்வொருவரின் இடுப்பிலும் ஒரு செம்மஞ்சள் மிதவையைக் கட்டி, அதற்குள் ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஆள் போகிற இடத்துக்கெல்லாம் போனில் ஒரு புள்ளி போகும். கரையேறியதும் அந்தக் கருவி சைக்கிளுக்கு மாறும். ஷிப்லியின் கூட்டாளி றிபாஸ்தான் அதை எனக்கு அனுப்பியிருந்தான். கல்முனைக்குடிப் பையன், எங்கள் வழக்கப்படி அக்கா என்பதற்கு என்னைத் தாத்தா என்பான், அதே கடையில் வேலை, சைக்கிள்களைப் பார்க்கிறதற்காக அவனும் அந்தத் தீவுக்குப் போயிருந்தான். கடலுக்குள் போய், ஒரு பெரிய மிதவையைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். நீச்சலுக்குக் கெடு உண்டு. கெடு தாண்டிக் கரையேறினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள்.

புள்ளிகள் எறும்புக் கூட்டம் போல நகர்ந்தன. பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொன்னது. தொழுதேன். கையேந்தினேன். ஒன்றும் வரவில்லை. வெறும் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழும்பி வந்தேன். மாமி போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, "இது நிக்கிதே, இது நிக்கிதே" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

வாங்கிப் பார்த்தேன். கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் கடைசி ஆட்களோடு இருந்தார். நீச்சல்தான் அவருக்கு மெதுவென்று தெரியும். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, தண்ணீருக்குப் பயமில்லை, ஆனால் வேகம் இல்லை. போன லீவு முழுக்க, சுபுஹு தொழுதவுடன், எங்கள் கடலில்தான் பழகினார். நான் துவாயோடு மணலில் குந்தியிருப்பேன். ஒரு நாள், "நடுக்கடலுக்குப் போய்த் திசை மாறினா என்ன செய்விங்க?" என்று கேட்டதற்கு வாய் நிறையச் சிரித்தார்.

"போகக்குள்ள சூரியன் மூஞ்சில. வரக்குள்ள சூரியன் முதுகுல. வேற என்ன கணக்கு வேணும் புள்ள?"

அவர் புள்ளி சரியாகத் தெரியட்டும் என்று விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். திரை முழுக்க நீலம், நடுவில் அவர் மட்டும். கொஞ்ச நேரம் புள்ளி நின்ற இடத்திலேயே தடுமாறியது. பிறகு ஓர் உசாரோடு இடப்பக்கம் திரும்பிப் போகத் தொடங்கியது. நேரே, கோடு பிடித்தாற்போல.

"மாமி, கரைக்கு வாறார்! நல்லா வாறார்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" மாமி சட்டியைத் திறந்துவிட்டார். அப்னாவுக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு. நானும் வாயில் போட்டேன். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, அதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. வென்றால் இரண்டு வருஷமடி, எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டேன். புள்ளி இடப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. கரை வரவேயில்லை. எவ்வளவு தூரம்தான் போவது என்று படத்தை மறுபடியும் சின்னதாக்கினேன்.

தீவு வலப்பக்கத்தில் கிடந்தது. மற்றப் புள்ளிகள் எல்லாம் வலப்பக்கத்தில், கரையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் முழுச் சமுத்திரம். அதற்குள் ஒரேயொரு புள்ளி, தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

என் பிழை எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்ப் படத்தில் இடப்பக்கம்தான் கரை, வலப்பக்கம் கடல். பிறந்த நாள் முதல் கிழக்கு என்றால் கடல், மேற்கு என்றால் ஊர். அந்தப் பழக்கத்தில்தான் இடப்பக்கம் போனவரைக் கரைக்கு வருகிறார் என்று சொன்னேன். நான் கதிரையில் இருந்துகொண்டு செய்த அதே பிழையை அவர் தண்ணீருக்குள் செய்துகொண்டிருந்தார். கூட்டத்தை விட்டுப் பிந்திவிட்டார். மலையைப் புழுதி மறைத்திருக்கிறது. தெரிவது சூரியனின் வெளிச்சம் ஒன்றுதான். சூரியனை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். காலையில்தான் கிப்லா கிழக்கென்று சொல்லிச் சிரித்தவர். வாய்க்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை.

றிபாஸைக் கூப்பிட்டேன். மூன்றாம் தரம்தான் எடுத்தான்.

"றிபாஸ், ஷிப்லி எங்க?"

"பயப்புடாதிங்க தாத்தா. புள்ளி பிழையாக் காட்டுதெண்டு செல்றாங்க. திரும்புற மிதவைக்குக் கிட்ட நிப்பாராம். போட்டுல போய்த் தேடுறாங்க."

"தேடுற இடம் பிழை! அவரு கடலுக்குள்ள போறாரு. மேற்கால போறாரு."

"மேற்கால எதுக்குத் தாத்தா போற? கரை கிழக்கால இரிக்கி."

"டேய், அவருக்கு அது விளங்கல்லடா! நம்மட ஊருல வெள்ளன கரைக்கு வரக்குள்ள சூரியன் எங்க நிக்கும்? முதுகுலதானே? அவரு கரைக்கு வாற எண்டு நினைச்சுக்கொண்டு போறாரு! நிக்க மாட்டாரு, போய்க்கொண்டே இரிப்பாரு! சூரியனுக்கு எதிர்ப் பக்கம், போட்ட நேரே போகச் செல்லு! ஓடுடா!"

"யா அல்லாஹ்" என்றான். அவனும் எங்கள் கரைப் பையன்தானே. செருப்புச் சத்தம் கேட்டது. ஓடினான். இணைப்பு அறுந்தது.

புள்ளியும் அதோடு நின்றுவிட்டது. நகரவில்லை. கருவி நின்றதா, ஆள் நின்றாரா என்று சொல்ல அந்தப் போனுக்குத் தெரியவில்லை. மாமி என் முகத்தைப் பார்த்தார். வட்டிலாப்பச் சட்டியை மூடிவிட்டு தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்தார்.

நான் வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் வாசலுக்குப் போனேன். கச்சான் கதவைப் படார் படார் என்று அடித்தது. பொருந்திக்க புள்ள என்று கேட்ட மனுசனுக்கு ஏலா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அவர் நீந்துகிறார். பாவி, ஒரு சொல்தானே, காசா பணமா, சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும் என்று என்னை நானே திட்டினேன். உடனே அவரையும் திட்டினேன். போகாமல் இருந்திருக்கலாம்தானே, சைக்கிளைத் திருத்திக்கொண்டு சும்மா கிடந்திருக்கலாம்தானே. இரண்டு திட்டும் கலந்து அழுகையாக வந்தது. அப்னா என் உடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

போன் அடித்தது.

"கண்டுட்டாங்க தாத்தா! நீங்க செல்லின பக்கம்தான்! கண்ணாடி கழண்டு, கண்ணெல்லாம் உப்பு, வாந்தியும் எடுத்திரிக்காரு. கரை ஏன் இன்னும் வரல்ல எண்டு போட்டுக்காரனுட்டக் கேட்டிரிக்காரு!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரோடு சாய்ந்தேன். "ஏத்திட்டாங்களா?"

"ஏற மாட்டன் எண்டு நிக்காரு. ஏறினா போட்டி முடிஞ்சி. கெடுவுக்கு நேரம் இரிக்கி, ஆனாக் கொஞ்சம்தான்."

"கெடுவும் மண்ணும்! ஏறச் செல்லுடா அவர! நான் செல்லின எண்டு செல்லு!"

"செல்லிட்டன். ஏறல்ல. கைக்கெட்டுற தூரத்துல மிதந்துகொண்டு ஒண்ட மட்டும் கேக்காரு." றிபாஸ் இழுத்தான். "நீங்க பொருந்திட்டிங்களா எண்டு கேக்காரு தாத்தா."

மாமி தலையைத் தூக்கினார். அவருக்கு விளங்கிவிட்டது. இந்த வீட்டில் காலையில் என்ன நடந்ததென்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "செல்லு மகள்," என்றார், "சுறுக்காச் செல்லு."

"பொருந்திட்டன் எண்டு செல்லு றிபாஸ். எல்லாத்தையும் பொருந்திட்டன். நடந்ததையும் பொருந்திட்டன், இனி நடக்கப் போறதையும் சேத்துப் பொருந்திட்டன்."

அவன் அங்கே யாரிடமோ கெஞ்சி றேடியோவை வாங்கினான். என் சொல்லை நடுக்கடலுக்கு எங்கள் தமிழிலேயே கத்திச் சொன்னது எனக்கும் கேட்டது. "மச்சான், தாத்தா பொருந்திட்டாவாம்! கிறுகித் திரும்பு! சூரியனப் பாத்து வா!"

பிறகு புள்ளி நகர்ந்தது. வலப்பக்கமாக. நானும் மாமியும் தலையோடு தலை ஒட்டி அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தவழ்ந்தது. நின்றது, தவழ்ந்தது. "வாங்க, வாங்க, வாங்க" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் இவர் தோற்க வேண்டும் என்று ஏங்கியவள் நான்தான். இப்போது ஒவ்வொரு கையும் நானே வீசுகிற மாதிரித் தோள்மூட்டு நொந்தது.

கெடு முடிகிற மணிக்கு ஆக்கள் கத்திக் கொண்டாடுகிற சத்தம் போனில் கேட்டது. றிபாஸும் கத்தினான்.

"ஏறிட்டாரு! கரைக்கு ஏறிட்டாரு! கடைசி ஆள் இவருதான்! தாத்தா, வேலிக்கரையால வாறாரு, போனப் பெரிசாப் போட்டுப் புடிக்கன், கதைங்க!"

மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது. நாய் இளைக்கிற மாதிரி. பிறகு அவர் குரல்.

"மர்ஷூதா..."

"ம்."

"காலெல்லாம் நடுங்குது. நீ செல்லு. நிப்பாட்டட்டா?"

அவ்வளவுதான். என் கையில் தந்துவிட்டார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வருகிற மாதம் அவர் இந்த முன்னறையில் இருப்பார். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். மாமிகூடச் சொல்ல மாட்டார். எனக்கு அவர் வேண்டும். அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, இரவும் பகலும் வேண்டும். ஆனால் என் வாயால் நிறுத்தி வரவழைத்தால் வருகிற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். கல்முனைக் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு, பொழுதுபடக் கடற்கரையில் போய் நின்று, முடிக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டே கிடக்கிற ஆள். அந்த ஆளோடு நான் குடும்பம் நடத்த மாட்டேன்.

"என்ட பேரச் செல்லி நிப்பாட்ட வேணாம்," என்றேன். குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும். "சைக்கிள்ல ஏறுங்க. முடிங்க. முடிச்சிட்டு வாங்க."

"ரெண்டு வருஷம் புள்ள."

"கணக்கு எனக்குத் தெரியும். ஒண்ட மட்டும் மறந்திராதிங்க. அங்கிரிந்தும் சரி, கத்தாரிலிரிந்தும் சரி, வீடு கிழக்கால கிடக்கு. வரக்குள்ள சூரியன முதுகுல போட்டிராதிங்க. மூஞ்சில வெச்சுக்கொண்டு வாங்க."

அவர் சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. பிறகு ஈரக் கால்கள் ஓடுகிற சத்தம். றிபாஸ், "ஏறிட்டாரு தாத்தா, போறாரு" என்றான்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை மறுபடியும் திறந்தார். அப்னா என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா வெண்டுட்டாரா உம்மா?"

"இன்னும் இல்ல மகள். இனித்தான் பொத்துவிலுக்குப் போகணும்."

புள்ளி தீவுக்குள்ளே புகுந்து, மலைப்பக்கம் ஏறத் தொடங்கியிருந்தது. வெளியே கச்சான் இன்னும் அடங்கவில்லை. நான் தொழுகைப் பாயை விரித்து மேற்கே பார்த்து உட்கார்ந்து கையேந்தினேன். காலையிலிருந்து வராத துஆ இப்போது வந்தது. முடிக்க வை றப்பே என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.